முதல் வகுப்புக்கு வரும் ஆசிரியர்: தொடக்கப் பள்ளி ஆசிரியரை எப்படி உருவாக்குவது?

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று முடிவெடுத்தால், தமிழ்நாட்டில் அவள் போக வேண்டிய வழி தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி, அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள், அதன் பின் போட்டித் தேர்வு, கடைசியாகப் பணி ஆணை. காகிதத்தில் நான்கே படிகள். அவற்றை ஏறி முடிப்பதற்குள் இளமையின் பெரும்பகுதி கரைந்துபோனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வேலை கிடைப்பது இதில் பாதிக் கதைதான். மீதிப் பாதி, வேலை கிடைத்த அன்று அவர் என்ன தெரிந்தவராக வகுப்பறைக்குள் நுழைகிறார் என்பது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தையும் எண்ணையும் கற்றுத்தர ஒருவரைத் தயார்செய்ய என்னென்ன வேண்டும்? இருநூறு ஆண்டுகளாக நம் மண்ணில் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டு வந்த விடைகளையும், பிற நாடுகள் கண்ட வழிகளையும் இந்தக் கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

திண்ணையிலிருந்து நார்மல் பள்ளி வரை

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். வந்த அறிக்கைகளைத் தொகுத்தபோது 12,498 பள்ளிகள் இருப்பது தெரிந்தது. 1826-ல் அவர் எழுதிய குறிப்பில், ஆசிரியர்களில் பெரும்பாலோரின் மாத வருவாய் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அந்தத் தொகை போதாது என்றும் பதிவுசெய்தார். ஆசிரியரின் தரத்தையும் அவருக்குக் கிடைக்கும் ஊதியத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அன்றே எழுத்தில் ஏறிவிட்டது.

அதற்கும் முன்பு, 1789-ல் எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, மூத்த மாணவர்களையே இளையவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். மூத்த மாணவர் மற்றவர்களைக் கவனித்துக்கொள்ளும், திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை வழக்கம் நமக்குப் பழக்கமானதுதான். பெல் 1797-ல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டபின், அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. செலவு குறைவு என்பதே அதன் பெரிய கவர்ச்சி. அந்த முறை போய்விட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படித்திருந்தால் போதும் என்ற நினைப்பு மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை ஏற்று, 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி எவ்வளவு பெரிய வாசலாக இருந்தது என்பதைச் சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை காட்டும். குழந்தை விதவையான அவர் 1911-ல் பட்டம் பெற்றார். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, இளம் விதவைகள் படித்து ஆசிரியர்களாவதற்கு வழிசெய்தார். 1922-ல் திறக்கப்பட்ட லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரும் அவரே. வீட்டின் மூலைக்குள் ஒதுக்கப்பட்ட பெண்கள் சொந்தக் காலில் நிற்க இந்தத் தொழில் இடம்கொடுத்தது.

1937-ல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலோடு இணைந்த பாடத்தைக் கேட்டது. அதற்கேற்ப ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் உருவாயின. 1954-க்குப் பிறகு, காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், குக்கிராமங்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவைதான் 'செகண்டரி கிரேடு வாத்தியார்' என்று ஊரே அழைத்த இடைநிலை ஆசிரியரை ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுசேர்த்தது.

இன்றைய பயிற்சி

1986-ன் தேசியக் கல்விக் கொள்கை மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வேண்டும் என்றது. ஆசிரியர்கள் 'டயட்' என்று அழைப்பது இதைத்தான். 1993-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கான சட்டம் வந்தது. பயிற்சி நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவது அதன் பொறுப்பு. ஆனால் இரண்டாயிரங்களில் நடந்தது வேறு. நூற்றுக்கணக்கில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் பெருகின. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-ல் அறிக்கை அளித்தபோது, நாட்டில் பணிக்கு முந்தைய ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசு சாராதவை என்று குறிப்பிட்டது. பல இடங்களில் வகுப்புக்கு வராமலேயே சான்றிதழ் வாங்க முடிந்தது. பிறகு வேலை இல்லை என்றானதும் சேர்க்கை சரிந்தது. தமிழ்நாட்டில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

2014-ன் விதிமுறைகளின்படி, பட்டயப் பயிற்சியில் ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் இருக்க வேண்டும். 20 வாரங்கள் பள்ளிகளில் களப்பயிற்சி பெற வேண்டும். உற்றுநோக்கல், பாடக்குறிப்பு, துணைக்கருவி தயாரித்தல், வகுப்பெடுத்தல், பதிவேடு என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதில்தான் சிக்கல். பயிற்சி மாணவிகளில் பலர் களப்பயிற்சிக் காலத்தின் இரவுகளைப் பதிவேடு எழுதுவதிலும், சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் கரைகட்டுவதிலும் கழிக்கிறார்கள். அன்று வகுப்பில் ஒரு குழந்தை சொன்ன தவறான விடையைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை. பார்வையிட வருபவரும் பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்திட்டுப் போகிறார். சில பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். ஆசிரியர் பற்றாக்குறை இருப்பதால், பயிற்சிக்கு வந்தவரிடம் ஒரு வகுப்பையே ஒப்படைத்துவிடுகிறார்கள். அங்கே வேலை நடக்கிறது. பயிற்சி நடப்பதில்லை.

எளிய பாடம் என்ற தப்பெண்ணம்

தொடக்க வகுப்புப் பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணம் பயிற்சியைப் பலவீனமாக்குகிறது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளில் சிலர் 25 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு 15 என்று எழுதிக்கொடுப்பது சுலபம். 'எப்படிக் கண்ணு போட்டே?' என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். 'ரெண்டுலேர்ந்து ஏழு போகாது டீச்சர், ஏழுலேர்ந்து ரெண்டு போகும்' என்று அந்தக் குழந்தை சொல்லும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் முன்பு சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே பின்பற்றியிருக்கிறது. தவறுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று இன்னொரு விதியை ஏற்றினால் குழப்பம் கூடும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகள் ஐந்தும் உதிரிக் குச்சிகள் இரண்டும் தந்து, முப்பத்தேழு குச்சிகளை எடுத்துக்கொடுக்கச் சொன்னால் குழந்தை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் ஆனபின் மூன்று கட்டுகளையும் ஏழு உதிரிகளையும் எடுத்துவைக்கும். மீதி ஒரு கட்டு, ஐந்து உதிரி. இடமதிப்பு என்ற கருத்து அப்போது கைக்குள் வந்துவிடுகிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது, எப்போது வாய்மூடி இருப்பது என்று தெரிந்திருப்பதற்குக் கணிதப் பட்டம் மட்டும் போதாது. உளவியல் பாடம் மட்டும் படித்தாலும் வராது. பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்த இந்தத் தனி அறிவை, 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் ஆசிரியத் தொழிலுக்கே உரியதாக அடையாளம் காட்டினார்.

அந்த அறிவைச் சோதித்துப் பார்த்தவர் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா. 1999-ல் வெளிவந்த தன் நூலில், 23 அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுத்துவிட்டு, அதற்குப் பொருத்தமான ஒரு கதைக் கணக்கைச் சொல்லும்படி கேட்டார். அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடை கண்டவர்கள் பாதிக்கும் குறைவு; கருத்துப் பிழையில்லாத கதை சொன்னவர் ஒரே ஒருவர். அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் பலர் குழப்பிக்கொண்டார்கள். சீன ஆசிரியர்கள் அனைவரும் விடை கண்டார்கள். 90 விழுக்காட்டினர் ஏற்ற கதையும் சொன்னார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்ற எத்தனை பாட்டில் வேண்டும் என்ற கணக்குத்தான் அது. மூன்று நிறையும், நான்காவது பாதி நிறையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பின் நார்மல் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் பயின்றவர்கள். பணியில் சேர்ந்தபின் பாடநூலை வரிவரியாக ஆராய்ந்ததும், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் விவாதித்ததும் அவர்களுக்கு அந்த ஆழத்தைத் தந்தன.

எழுத்து, மொழி, குழந்தை

தமிழ் எழுத்தைக் கற்பிப்பதிலும் இதே ஆழம் வேண்டும். 247 எழுத்துகளையும் நெடுங்கணக்கு வரிசையில் ஒப்பிப்பது வேறு, ஒரு வாக்கியத்தைப் படித்துப் பொருள் கொள்வது வேறு. குறில் நெடிலைக் காதால் பிரிக்கத் தெரியாத குழந்தை ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் கண்ணால் மட்டும் பிரிக்கப் படாதபாடு படும். வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் மொழிக்கும் உள்ள தூரத்தைத் தாண்டவும் அதற்கு ஆசிரியரின் கை வேண்டும். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் குழந்தைக்கும் அந்தத் தூரம் இன்னும் அதிகம். பயிற்சி நிறுவனத்தில் படிக்கும்போதே இப்படிப்பட்ட குழந்தைகளோடு பழகியிராதவர், பிறகு அவர்களை 'மக்கு' என்று முத்திரை குத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

கற்பித்தல் முறைகளில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்த முறை அது. கற்றல் ஏணி, அட்டைகள், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை, பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியர் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஒரே அறையில் பல வகுப்புகள் உட்காரும் ஈராசிரியர் பள்ளிக்கு இப்படிப்பட்ட முறைகள் அவசியமானவை. ஆனால் முறை மாறும்போதெல்லாம் ஆசிரியருக்குக் கிடைப்பது சில நாள் பயிற்சி வகுப்பும் ஒரு கையேடும்தான். அந்த முறை ஏன் வந்தது, எந்தக் குழந்தைக்கு எங்கே பொருந்தாது என்று யோசிக்கும் பழக்கத்தைப் பட்டயப் படிப்பிலேயே ஊன்றியிருந்தால், கையேடு ஆசிரியரை ஆட்டிவைக்காது.

இன்னொரு தடையும் உண்டு. 1975-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லோர்ட்டி சுட்டிக்காட்டியது போல, ஆசிரியப் பயிற்சிக்கு வரும் எவரும் வெறும் மனத்தோடு வருவதில்லை. பள்ளியில் உட்கார்ந்து தன் ஆசிரியர்களைப் பார்த்த அத்தனை ஆண்டுகளும் அவருக்குள் பதிந்திருக்கின்றன. கையில் பிரம்போடு நின்றவரைப் பார்த்து வளர்ந்தவர், வகுப்பு கட்டுமீறும் முதல் நாளில் பிரம்பைத்தான் தேடுவார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல், மனத் தண்டனைகளைத் தடைசெய்திருக்கிறது. சட்டத்தைப் படித்ததால் கை ஓய்ந்துவிடாது. தனக்கு நேர்ந்தவற்றை வெளிப்படையாகப் பேசி, அலசி, அவற்றிலிருந்து விடுபடப் பயிற்சிக் காலத்தில் இடம் வேண்டும்.

தேர்வுகளும் காத்திருப்பும்

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை அது வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயமானது. முதல் தாளில் 150 கேள்விகள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஒவ்வொன்றிலும் 30. எல்லாமே கொள்குறி வகை. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் டெட் தேர்வில், எழுதியவர்களில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற குரல் எழுந்து, அக்டோபரில் மூன்று மணி நேரத் தேர்வாக அது மீண்டும் நடந்தது.

தேர்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். இங்கே 2013-க்குப் பின் அடுத்த பொதுத் தேர்வு 2017-ல்தான் நடந்தது. பிறகு 2019, 2022. இடையில், நியமனத்துக்கு டெட் மதிப்பெண்ணோடு முந்தைய படிப்புகளின் மதிப்பெண்களையும் சேர்க்கும் வெயிட்டேஜ் முறை வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்ததால் பழைய காலத்தில் படித்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2018-ன் அரசாணை 149, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வை வைத்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடைபெற்றது. அதுவரை காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் சொற்ப ஊதியத்துக்குத் தனியார் பள்ளிகளில் உழைத்தார்கள். ஜவுளிக் கடைகளுக்கும் போனார்கள். வேலை கிடைத்தவர்களுக்கும் மனக்குறை தீரவில்லை. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 5,200 என்று நிர்ணயிக்கப்பட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் பலமுறை போராடினார்கள்.

நீதிமன்றங்களும் இந்தக் களத்தில் தீர்மானமான பங்கு வகித்திருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 11-ல், தொடக்க வகுப்புக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய பட்டம் இருப்பதாலேயே சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி வந்துவிடாது என்பதை அது சட்டபூர்வமாக நிலைநாட்டியது. 2025 செப்டம்பர் 1-ல் வந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. முதல் தீர்ப்பை மனமாரப் பாராட்டலாம். இரண்டாவதைப் பொறுத்தவரை, இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரின் தரத்தை 150 கொள்குறிக் கேள்விகள் எடைபோட்டுவிடுமா என்ற கேள்வி நியாயமானது. பாட அறிவில் ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டெட் உதவும். அழுதுகொண்டு வரும் குழந்தையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பது எந்த விடைத்தாளிலும் தெரியாது.

பிறர் கண்ட வழிகள்

பின்லாந்து 1970-களின் இறுதியிலிருந்து, தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளில், அனுபவமுள்ள ஆசிரியரின் பார்வையில் மாணவர்கள் கற்பிக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் 1994-ல் தொடங்கிய நான்காண்டு பி.எல்.எட். படிப்பு, பிளஸ் டூ முடித்தவரை நேரடியாகத் தொடக்கக் கல்விக்கென்றே பட்டதாரியாக்கியது. பாட அறிவு, குழந்தையை உற்றுநோக்கல், நாடகம், கைவினை, நீண்ட பள்ளிப் பணி என்று அது பல துறைகளை ஒன்றாகக் கோத்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அரசியல் நியாயங்கள் எப்படி இருந்தாலும், நம் பட்டயப் படிப்பை என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இலங்கையின் வழி நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1985 முதல் அங்கே தேசிய கல்வியியற் கல்லூரிகள் இயங்குகின்றன. இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியில் கட்டுறுப் பயிற்சி. முடித்தவரை அரசே ஆசிரியராக நியமிப்பது வழக்கம். யாழ்ப்பாணம் கோப்பாயிலும், மலையகத்தில் பத்தனையிலும் உள்ள கல்லூரிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைத் தந்துவருகின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரியராகித் தம் மக்களிடமே திரும்பிப் போவதற்குப் பத்தனை ஸ்ரீபாத கல்லூரி வழிசெய்தது.

முடிவாக

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பட்டயமா பட்டமா என்ற விவாதம் இரண்டாம் இடத்துக்குப் போகிறது. லிப்பிங் மா ஆராய்ந்த சீன ஆசிரியர்கள் பட்டமில்லாமலே தரமாகக் கற்பித்தார்கள்; பின்லாந்து ஆசிரியர்கள் முதுகலையோடு தரமாகக் கற்பிக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக இருப்பவை மூன்று: தொடக்கப் பாடத்தை ஆழமாகக் கற்றல், தேர்ந்த ஆசிரியரின் அருகில் இருந்து நீண்ட காலம் பழகுதல், தொழிலுக்கு மரியாதையான வாழ்வு.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பட்டயப் படிப்பை மூன்றாண்டாக்கி, மூன்றாம் ஆண்டை உதவித்தொகையோடு பள்ளியில் கழிக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் சிறந்த ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, பணிநேரத்தில் ஒதுக்கீடு தந்து வழிகாட்டிகளாக்க வேண்டும். பதிவேடுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பயிற்சியில் சேருவோரின் எண்ணிக்கையைக் காலியிடக் கணிப்போடு இணைத்து, தேர்வுகளை ஆண்டுதோறும் தவறாமல் நடத்த வேண்டும். சம ஊதியக் கோரிக்கையை முடித்துவைக்க வேண்டும்.

இப்போது பயிற்சியில் இருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். அரசு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். களப்பயிற்சியில் தினமும் ஒரு குழந்தையின் ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் அப்படி எழுதியது என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள், சொன்னதைச் சொன்னபடியே குறித்துவையுங்கள், உடன் படிப்பவர்களோடு பேசுங்கள். ஒன்றாம் வகுப்புப் பாடநூலை மாணவராக இல்லாமல் ஆசிரியராக ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' தமிழில் கிடைக்கிறது, ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' கிடைக்கிறது. நூலகத்தில் தேடி எடுங்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு இவை எவ்வளவு உதவும் என்பது முக்கியமில்லை. உங்களிடம் வரப்போகும் குழந்தைகளுக்கு நிச்சயம் உதவும்.